நாலு ஸ்டட்டும் ஒரு வரப்பும்

எழுபதுகளின் கடைசி. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் விவசாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். மிராசுதார் நிலத்தில் யாரும் வேலைக்கு இறங்கக் கூடாது என்பது சங்கத்தின் கட்டுப்பாடு. அரை வேலி, அதாவது மூன்று ஏக்கர் சொச்சம் மட்டுமே வைத்திருந்த என்னையும் மிராசுதார் கணக்கில் சேர்த்திருந்தார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான்.

அந்த நேரம் பார்த்துச் சம்பாப் பயிரில் புகையான் விழுந்தது. தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி. இன்று பாய் அகலத்துக்குக் காய்ந்திருக்கும். விட்டால் வயலே தீய்ந்துபோகும். என்னிடம் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் மெஷின் ஒன்று இருந்தது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அடிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சிலிண்டர் ஹெட் ஓரமாகப் புகை விட்டு நின்றுபோனது. ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்களின், அதாவது தலையில்லாத போல்ட்டுகளின், மரை தேய்ந்திருந்தது.

ஊரிலிருந்த ஒரே மெக்கானிக், தானும் சங்கத்துக்காரன் என்று பணிவாகச் சொல்லிவிட்டார். சைக்கிளில் போய்ப் புது ஸ்டட் நாலு வாங்கி வந்து, மெஷினோடு கொடுத்த புத்தகத்தை வரப்பில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதையும் படித்தே தெரிந்துகொள்ளலாம் என்று நம்பிய காலம். நீச்சலைக்கூட அப்படித்தான் கற்றேன். இன்றுவரை நீச்சல் தெரியாது.

ஸ்டட்டின் மேல் இரண்டு நட்டுகளைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கி, அடி நட்டைத் திருப்பினால் ஸ்டட் கழன்று வரும் என்றது புத்தகம். கைக்கு ஒரு ஸ்பேனர். உருண்டோடும் இன்ஜினை யார் பிடிப்பது என்று அது சொல்லவில்லை.

அடுத்த வயல் சங்கத் தலைவருடையது. கோயில் நிலம், குத்தகை. என் வயசுதான் அவருக்கும். அவர் பயிரிலும் புகையான். வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மிராசு, படிச்சா ஓடிருமா?”

“பூச்சி வரப்பு பாக்காது தலைவரே. கொஞ்சம் புடிங்க.”

“உங்க வேலையில நான் கை வச்சா, நாளைக்கு எங்கொடிய நானே எறக்கணும்.”

தன் பயிரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“அதத் தூக்கி இந்தப் பக்கம் வைங்க.”

வைத்தேன்.

“இப்ப இது என் வயல்ல கெடக்குது. என் வயல் வேலைய நான் பாக்குறேன். மருந்தும் இங்கதான் மொதல்ல.”

இன்ஜினைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டார். பழைய ஸ்டட்கள் கழன்றன, புதியவற்றை ஏற்றினோம். ஹெட்டை வைத்து நட்டுப் போடும்போது நான் உரக்க வாசித்தேன்: எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும்; ஒரே பக்கம் முடுக்கினால் எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டு புகை விடும்.

“இன்னொரு தரம் படிங்க” என்றார். படித்தேன்.

கயிற்றை இழுத்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. சொன்னபடி முதலில் அவர் வயலில் இறங்கி மருந்தடித்தேன். பிறகு என் வயலில். மிராசுதார் கூலியில்லாமல் தொழிலாளி வயலில் வேலை பார்த்த செய்தி எனக்கு முன்பே ஊருக்குள் போய்விட்டது. டீக்கடையில் சிரித்தார்கள். எங்கள் தரப்பில் யாரும் சிரிக்கவில்லை.

அறுவடைக்கு முன் பேச்சுவார்த்தை. முதலில் வேலைக்கு வரட்டும், கூலியை அப்புறம் பார்க்கலாம் என்று எங்கள் ஆட்கள் ஒரே பிடியாக நின்றார்கள். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தலைவர் என்னை மட்டும் பார்த்தார்.

“ஒரே பக்கமா முடுக்குனா எதிர்ப்பக்கம் பொகையும்னு உங்க பொஸ்தகத்துல போட்டிருந்துச்சே சார்.”

மற்றவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது; அதுதான் சங்கடம். கேட்ட உயர்வில் பாதியை இப்போதே கொடுப்போம், அவர்கள் அறுவடைக்கு இறங்கட்டும், மீதியைக் களத்தில் பேசுவோம் என்றேன். முதலில் எங்கள் ஆட்களே என்மேல் பாய்ந்தார்கள். பிறகு பயிரை நினைத்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். அறுவடை நடந்தது.

அந்த மெஷின் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஆனால் வீட்டிலோ வெளியிலோ, நியாயம் முழுக்க என் பக்கமே இருப்பதாகத் தோன்றி நான் குரலை உயர்த்தும்போதெல்லாம், வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து “இன்னொரு தரம் படிங்க” என்று அவர் சொல்வது கேட்கிறது. சில சமயம் நிறுத்தியும்விடுகிறேன்.