காப்பு கட்டியவரின் மாத்திரை

என் வீட்டுக்காரர் மனச்சோர்வில் படுத்த படுக்கையாகிவிட்டார். மாத்திரை ஆரம்பித்துப் பல வாரம் கழித்துத்தான் தானாக எழுந்து கழனிக்குப் போனார். "இவ்வளவு நாளா வேலை செய்யாத மாத்திரை ஒரு மாத்திரையா?" என்று காஞ்சிபுரம் டாக்டரிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். மனுஷர் பொறுமையாகச் சொன்னார். மூளை செல்களுக்கு நடுவே செரோடோனினை அது முதல் நாளே கூட்டிவிடுமாம். ஆனால் அது வாசலில் வந்து நிற்கிற சேதிதான். செல் அதை வாங்கி, உள்ளே கைமாற்றி, தன் உட்கரு வரைக்கும் கொண்டுபோய், தன்னையே திருத்திக்கொள்ள வாரக்கணக்காகும். திடீரென நிறுத்தினால் தடுமாறிப்போகும்.

ஆடியில் எங்கள் ஊர் அம்மனுக்குக் காப்பு கட்டினார்கள். கரகம் எடுக்கிற முறை எங்கள் வீட்டுக்கு. இவர் கையில் மஞ்சள் கயிறு ஏறியதும் மாமியார் மாத்திரை டப்பாவை ஒளித்துவிட்டார்.

"காப்பு கட்டிக்கினு இங்கிலீஷ் மருந்து துன்னக்கூடாதும்மா. அவன் நல்லாத்தான கீறான்?"

"நல்லா கீறதே அதாலதான் அத்தே."

காதில் வாங்கவேயில்லை. மருந்துக்கடைக்குப் போய்ப் புது அட்டை வாங்கிவந்து நீட்டினேன். இவரும் வேண்டாமென்று கையால் தள்ளிவிட்டார். எனக்கு வந்ததே கோபம், கிணற்றில் எறியப்போகிறேன் என்று கத்திவிட்டு வெளியே போனேன். எறிய மனம் வரவில்லை. யாருக்கும் தெரியாமல் இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

இரண்டொரு நாளில், "மண்டைக்குள்ள கரண்ட் அடிக்குது" என்றார். சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பார். கூப்பிட்டால் வேறு பக்கம் திரும்புவார். ஆத்தா இறங்கப்போகிறாள் என்று ஊரே கும்பிட்டது. மறுபடி படுக்கையில் விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

கூழ் ஊற்றுகிற நாள், உச்சி வெயிலில் உடம்பெல்லாம் உதறி நின்றார். உடுக்கை அடித்தவர் கற்பூரம் காட்டி, "இன்னா கொறை, சொல்லு தாயே" என்றார்.

இவர் கண் இமைக்காமல் என் பக்கம் திரும்பினார். வந்த குரல், வயசான பொம்பளையின் குரல்.

"இந்தப் புள்ளைக்கு மாத்திரயக் குடு. இடுப்புல சொருவி வெச்சிக்கீறியே, அத்தக் குடு."

உடுக்கை நின்றது. முதலில் ஓடிவந்தது மாமியார்தான். என் இடுப்பிலிருந்து அட்டையை உருவி, தன் கையாலேயே மகன் வாயில் போட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்.

இப்போதெல்லாம் வேளை தவறாமல் அவரே எடுத்துக் கொடுக்கிறார். இவர் தேறிவிட்டார், அது போதும் எனக்கு. நடந்ததைக் கேட்ட டாக்டர், மருந்தை நிறுத்தியதால் வந்த தடுமாற்றம் என்றார். இருக்கட்டும். ஆனால் சாமி வந்து பேசியது எதுவும் நினைவில்லாத இவர், அன்றைக்கு நான் கத்தியதை நம்பி, அந்த அட்டை கிணற்றுக்குள் கிடக்கிறது என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.