மோந்து சொன்ன தீர்ப்பு

லாரியில் கருகல் வாடை வந்தால் போதும், எங்கள் ஊரில் ஆளாளுக்கு மெக்கானிக் ஆகிவிடுவார்கள். கியர் பாக்ஸை இறக்க வேண்டாம், கிளட்ச் பிளேட்டைக் கண்ணால் பார்க்க வேண்டாம், மூக்கே போதும். அப்படி ஒரு மூக்கு, கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த ஒரு முதலாளிக்கு வாய்த்திருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. நாகலாபுரம் ரோட்டில் லோடோடு நின்றுபோன அவருடைய லாரியைக் கட்டி இழுத்து என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். பின்னாலேயே வந்து இறங்கியவர், ஒரு இழுப்பு மோந்தார்.

“கிளட்ச்சு மேலயே காலை வச்சுத் தூங்கிட்டு வந்திருக்கான். சாவியக் குடுத்துட்டு ஊரப் பாத்துப் போவச் சொல்லும்.”

ஏழு வருஷமாக அந்த லாரியை ஓட்டிய புதூர்க்கார டிரைவர் என்னிடம் வந்தார். “அண்ணாச்சி, கிளட்ச்ச எரிச்சவன்ங்கிற பேரோட வெளிய போனா எவன் வண்டி தருவான்? பிரிச்சுப் பாத்து உள்ளதச் சொல்லுங்க, போதும்.”

பிரித்தேன். எந்நேரமும் கிளட்ச்சில் காலை வைத்து ஓட்டுகிறவர் வண்டியில், மிதிக்கும்போது கிளட்ச்சை விலக்கிவிடும் ரிலீஸ் பேரிங் தேய்ந்து கத்தும். இதில் பேரிங் சத்தமில்லாமல் சுற்றியது. பிளேட் முழுக்கக் கியர் ஆயில். ஊறி, வழுக்கி, கருகியிருந்தது. கியர் பாக்ஸ் ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான முன்பக்க ஆயில் சீல், கட்டெறும்பு நுழையும் அளவுக்கு விரிந்து கிடந்தது.

அந்தச் சீலை எனக்குத் தெரியும். ஆறு மாசம் முன்பு இதே கியர் பாக்ஸை இறக்கியபோது, “நல்லாத்தான இருக்கு, அதையே போடும்” என்றார் முதலாளி. பழைய சீலைத் திரும்பப் போடக்கூடாது என்று தெரிந்த நான், தலையாட்டிக்கொண்டே போட்டேன். புதுச் சீல் உள்ளங்கையில் அடங்கும். எங்கள் இரண்டு பேர் புத்தியும் அதைவிடச் சின்னது.

அந்த ஆயில் சீலை முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினேன். “இப்ப மோந்து பாருங்க. இது கால் வாடையா, ஆயில் வாடையா?”

“நீருதான வே போட்டீரு?”

“நாந்தான் போட்டேன். நீங்க சொன்னிய, நான் கேட்டேன். தப்பு நம்ம ரெண்டு பேரு மேல. அவரு மேல இல்ல.”

அவர் வருத்தம் தெரிவிப்பார் என்று நினைத்தால், நீங்கள் இந்த மாதிரி ஆட்களோடு பழகியதில்லை. பக்கத்தில் நின்ற டிரைவரை ஏறிட்டும் பாராமல் என்னிடம் சொன்னார்: “நாளைக்கு லோடு இருக்கு. நேரத்துக்கு வரச் சொல்லும்.”

டிரைவரும் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். “புதுச் சீல் போட்ட பெறவு வாரேன்னு சொல்லுங்க, அண்ணாச்சி.”