புனிதவதி பத்திரப்படுத்திய சிவப்பு உறைகள்

சீன வாள்சண்டை நாடகம் பார்க்கச் சீனமொழி தெரிய வேண்டியதில்லை என்று எனக்குக் காட்டித் தந்தவள் எதிர்வீட்டுப் புனிதவதி. கீழே ஓடும் இங்கிலிஷ் எழுத்தையும் அவள் வாசிப்பதில்லை. கதையைத் தானே கட்டிக்கொள்வாள்.

"உவன் அவளின்ர தமையன். சொத்துப் பிரச்சினையில வீட்டை விட்டுப் போனவன். பாருங்கோ மங்கையக்கா, தலைமயிரை விரிச்சுப்போட்டு என்ன வடிவாப் பறக்கிறான் எண்டு."

கடைசிக் காட்சியில் அந்தத் தமையன் தங்கச்சியைக் கல்யாணம் கட்டுவான். புனிதம் அசையமாட்டாள். "அப்ப எடுத்து வளர்த்த பிள்ளையா இருக்கும்," என்று சொல்லிவிட்டு அடுப்பில் கிடக்கும் புட்டைப் பார்க்க எழும்பிப் போவாள்.

ஊரைவிட்டு வந்து குடியேறின வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் என் கதவும் அவள் கதவும் நேருக்கு நேர். விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் இடத்தில் அவளுக்கு வேலை. புருஷன் மாரடைப்பில் போன பிறகு இருப்பது ஒரே மகன், கிருபன். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த சீனப் பெடியன் ஒருவனுக்குப் பின்னால் இழுபட்டு, ஒரு பிளாசாவின் நிலவறையில் இவனும் வாள் பழகப் போனான். புனிதம் அதைக் கராட்டி என்று நினைத்தாள். கண்ட இடத்தில் நின்று கெட்டுப்போகாமல் இருந்தால் சரி என்று காசும் கட்டினாள். படித்து முடித்து, பக்கத்து நகரமான மார்க்கத்தில் நல்ல கணினி வேலையும் கிடைத்து, அதை அவன் விட்டுவிட்டு வாளோடு போனபோதுதான் தலையில் கையை வைத்தாள்.

அவன் போன இடம் ஒரு பெரிய பண்டகசாலை. உள்ளே மூங்கில் காடும் அரண்மனைக் கூரையும் செய்து வைத்து, இணையத்தில் ஓடும் வாள்சண்டைத் தொடர்களை எடுத்தார்கள். ஹொங்கொங்கிலிருந்து வந்தவர்கள், சீனாவிலிருந்து வந்தவர்கள், மார்க்கத்தில் பிறந்து வளர்ந்த சீனப் பெடியன்கள், அவர்களுக்கு நடுவே எங்கள் கிருபன். கறுத்த முகத்துக்கு அங்கே என்ன கொடுப்பார்கள்? முகமூடி போட்ட கொலைகாரன், இல்லாவிட்டால் இரும்புத் தொப்பியால் முகத்தை மறைத்த சிப்பாய். எனக்கு அதில் சரியான கோபம். அவனுக்கு இல்லை.

"அன்ரி, மாஸ்க் போட்டா ஐ கேன் பி எனிபடி," என்று சிரிப்பான்.

புனிதம் அவன் வரும் பகுதிகளை எனக்கும் போட்டுக் காட்டுவாள். எல்லாரும் முகமூடிகள். "இதில நீ எது தம்பி?" என்று கேட்பாள். அவன் திரைக்குக் கிட்ட வந்து விரலால் காட்டுவான். அவன் காட்டுகிற ஆள் எப்போதும் கடைசிவரை நிற்கிற ஆளாக இருப்பான். நிலாவுக்கு முன்னால் வாளை உறையில் போட்டுவிட்டு நடந்து போவான். புனிதத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும் அந்த நேரத்தில்.

செத்தவர்களைத் திரையில் பார்க்க அவளால் முடியாது. ஊரில் ஷெல் விழுந்த நாளில் அவளுடைய தம்பியைச் சாக்கால் மூடிக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார்கள். அன்றிலிருந்து தமிழ்ப் படத்தில் ஒரு செத்த வீடு வந்தால் போதும், ரிமோட்டைத் தேடுவாள். ஆனால் இந்தச் சீன நாடகங்கள் அவளுக்கு ஒத்துக்கொண்டன. இரத்தமில்லை, அலறல் இல்லை. பட்டு உடுப்போடு சுழன்று விழுவார்கள். "விழுந்தவை பிறகு எழும்பிப் போயிருப்பினம்," என்று சொல்லிக்கொண்டு அடுத்த பகுதியைத் தட்டுவாள்.

முதல் உறை வந்த நாளில் நான் அங்கேதான் இருந்தேன். அவனுடைய ஜக்கற்றைத் தோய்க்க எடுத்தவள் பொக்கற்றில் கையை விட்டாள். குங்குமச் சிவப்பில் சின்ன உறை, மேலே பொன் நிறத்தில் சீன எழுத்து, உள்ளே ஒரு புதுக் காசுத்தாள்.

"இதென்ன தம்பி?"

"மாஸ்ரர் குடுத்தவர்."

"கைவிசேஷமோ?"

கிருபன் வாயைத் திறந்தான். அவளுடைய முகத்தைப் பார்த்தான். "ஓம் அம்மா," என்றான்.

வருஷப்பிறப்புக்குப் பெரியவர் கையால் வாங்குகிற காசை எங்கள் ஆட்கள் லேசில் செலவழிப்பதில்லை. பெட்டியில் கிடந்தால் பெருகும் என்று ஒரு நம்பிக்கை. புனிதம் உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்ச் சாமித் தட்டில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்தாள். மகனின் தொழிலில் அவள் மனம் ஆறினது அன்றைக்குத்தான். முதலாளி தன் கையால் சிவப்பு உறையில் வைத்துக் கொடுக்கிறார் என்றால் அது மரியாதையான தொழிலாகத்தானே இருக்க வேண்டும்? அதற்குப் பிறகு அவன் வந்து சப்பாத்துக் கழற்ற முன்னரே, "இண்டைக்குத் தந்தவரோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். உறைகள் சேர்ந்தன. வெள்ளிக்கிழமைகளில் அவற்றுக்கும் சேர்த்துத் தீபம் காட்டினாள்.

"உவனுக்கு ஒரு கலியாணம் சரிவரட்டும் அக்கா. பொன்னுருக்குக்குப் பவுண் இந்தக் காசிலதான் வாங்குவன். வேற காசு தொடமாட்டன்," என்றாள் என்னிடம். தாலிக்குப் பொன் உருக்குவதற்கு இதைவிட ராசியான காசு கிடையாது என்பது அவளுடைய முடிவு.

தை மாதக் கடைசியில் கிருபன் விழுந்தான். அரண்மனைக் கூரையிலிருந்து கம்பியில் தொங்கி இறங்குகிற காட்சி. கம்பி நடுவில் இறுகி நின்றுவிட்டு, பிறகு ஒரேயடியாக விட்டதாம். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் உடைந்தன. சத்திரசிகிச்சை முடிந்து வந்த டொக்டர், நடப்பான் என்றும் சொல்லமாட்டேன், நடக்கமாட்டான் என்றும் சொல்லமாட்டேன் என்றார். நல்ல டொக்டர்!

புனிதம் அழவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் போய்வந்தாள். அப்படி ஒரு பின்னேரம் நாங்கள் இருவரும் திரும்பி வந்தபோது, கதவடியில் ஒரு பெட்டி தோடம்பழத்தோடு ஒரு சீனர் நின்றார். லாவ் மாஸ்ரர். ஒரு காலத்தில் தானும் படங்களில் வாளோடு பறந்தவர், இப்போது சண்டைக் காட்சிகளை ஒழுங்கு செய்பவர். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருக்க வேண்டும், தலையை நிமிர்த்தவே இல்லை.

புனிதம் திட்டவில்லை. இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். அவளுக்கு அவர் மகனுக்குக் கைவிசேஷம் தந்த மனுஷன். அந்த மரியாதையை அவருக்குக் காட்ட நினைத்தாளோ என்னவோ, கையைக் காட்டிக் கூப்பிட்டுச் சாமித் தட்டடிக்குக் கூட்டிப் போனாள்.

"அக்கா, சொல்லுங்கோ இவருக்கு. இவர் தந்ததில ஒரு சதமும் தொடேல்லை. எல்லாம் அப்பிடியே வைச்சிருக்கிறன். பிள்ளையின்ர கலியாணத்துக்கு எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். அந்த மனுஷன் தேத்தண்ணிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். உறைகளைப் பார்த்தார், முருகனைப் பார்த்தார், மேலே கிடந்த உறையில் வைத்திருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. பிறகு எனக்கு விளங்கும்படி நிதானமாக இங்கிலிஷில் சொன்னார்.

அவர்களுடைய தொழிலில் ஒரு முறை இருக்கிறதாம். கமெராவுக்கு முன்னால் செத்துக் கிடப்பவனுக்கு அன்றைக்கே ஒரு சிவப்பு உறை கொடுக்க வேண்டும். சாவின் துடக்கு அவனைத் தொடராமல் இருக்கக் கொடுக்கிற காசு அது. அவன் வீட்டுக்குப் போக முன்னர் அதை ஒரு இனிப்பிலாவது செலவழித்துவிட்டு, உறையை வெளியே எறிந்துவிட வேண்டும். வீட்டுக்குள் ஒருநாளும் கொண்டுபோகக் கூடாது.

புனிதம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூடி மறைக்காமச் சொல்லுங்கோ அக்கா."

சொன்னேன். வேறென்ன செய்வது?

அவள் தட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டது மிகச் சின்னக் குரலில்: "அப்ப உதெல்லாம்... உவ்வளவு தரமும் என்ர பிள்ளை செத்தவனோ?"

லாவ் மாஸ்ரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் தலையைக் குனிந்தார்.

"நான் விளக்கெல்லோ வைச்சனான்," என்றாள் புனிதம். "சாவுக்காசுக்குத் தீபம் காட்டினனான் அக்கா. தாலிக்கு எண்டு வைச்சனே. என்ர கையாலேயே பிள்ளைக்கு..."

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், கம்பி விட்டதற்கும் கடதாசி உறைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கத்தினேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் உண்மையைச் சொன்னால், அந்தத் தட்டைத் தொட எனக்கும் கை கூசியது.

வாங்கினவன்தான் செலவழிக்க வேண்டும் என்று லாவ் மாஸ்ரர் சொல்லிவிட்டுப் போனார். உடனேயே உறைகளை ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். பஸ்ஸில் புனிதம் அந்தப் பையை மடியில் வைக்கவில்லை, காலடியில் வைத்தாள். போனவள் மகனின் கட்டில் விளிம்பில் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். கிருபனுக்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏன்டா சொல்லேல்லை?"

"நீங்கள் அவ்வளவு சந்தோசமா வாங்கினீங்கள் அம்மா. ஹவ் குட் ஐ டெல் யூ? செத்தவையை நீங்கள் ரீவியிலயே பாக்கமாட்டீங்கள். மகன் செத்துச் செத்துத்தான் காசு கொண்டாறான் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப வாளோட நடந்து போறவன்?"

"அது வேற ஆள். சென் எண்டு ஒரு பெடியன்."

"நீ?"

"நான் அவன் வெட்டுற ஆள்."

புனிதம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தச் சென் பெடியனுக்கு அவள் கைதட்டினாள்! வெட்டு பிள்ளையின் கழுத்தில் விழும்போது, "அப்பிடிப் போடு" என்று சொன்னதும் என் காதில் கிடக்கிறது. அவளுக்கும் அதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். சீலைத் தலைப்பை எடுத்து வாயில் பொத்தினாள்.

அந்தக் காசு முழுவதும் கீழே ஆஸ்பத்திரிக் கடையில் ரொபியாகவும் சொக்கிலேற்றாகவும் மாறியது. எழும்ப முடியாமல் படுத்த படுக்கையில் கிடந்தபடி கிருபன் தன் கையால் தாதிமாருக்கும், கூட்டுகிறவர்களுக்கும், பக்கத்துக் கட்டில் கிழவருக்கும் கொடுத்தான். அவர்கள் பிறந்தநாள் என்று நினைத்து வாழ்த்தினார்கள். உறைகளைப் புனிதம் வாசலுக்கு வெளியே இருந்த குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, பனியை அள்ளிக் கையைத் தேய்த்துக் கழுவினாள்.

கிருபன் பொல்லுப் பிடித்து நடக்க ஆடி மாதம் ஆயிற்று. இடது கால் இன்னும் இழுக்கும். குதிக்க முடியாது, ஓட முடியாது. மார்க்கத்துக் கணினி வேலைக்கு மனுப் போடு என்று அவளும் சொன்னாள், நானும் சொன்னேன். தலையை ஆட்டுவான், வாள்சண்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் இப்போது அதைப் பார்ப்பதில்லை. சத்தம் கேட்டால் குசினிக்குள் போய்விடுவாள்.

இலை கொட்டுகிற காலத்தில் லாவ் மாஸ்ரர் போன் எடுத்தார். போர்க்களக் காட்சி ஒன்று, சும்மா கிடந்தால் போதும், குதிக்கத் தேவையில்லை, கிருபனுக்கு விருப்பமா என்று கேட்டார். கிருபன் போனைக் கையில் பொத்திக்கொண்டு தாயைப் பார்த்தான். மாதக்கணக்கில் நான் அந்த முகத்தில் காணாத வெளிச்சம் ஒன்று. அவளும் கண்டிருக்க வேண்டும். மறிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். மறிக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

"உறையை வீட்டுக்குக் கொண்டுவராத," என்று மட்டும் சொன்னாள்.

அவன் போன அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. பின்னேரம் கொரிடோரில் சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்தேன். கிருபன் பொல்லோடு நின்றான், கையில் பாதி தின்ற சொக்கிலேற். புனிதம் வாசலை மறித்து நின்றாள். காலடியில் ஒரு வாளி, அதற்குள் மஞ்சள் கரைத்த சுடுதண்ணீர்.

"பொக்கற்றைக் காட்டு."

பொக்கற்றை வெளியே இழுத்துக் காட்டினான். உறை இல்லை.

"செத்த வீட்டுக்குப் போட்டு வாறவன் முழுகாம உள்ள வரக்கூடாது."

"அம்மா, நான் செத்த வீட்டுக்குப் போகேல்லையே."

"தெரியும். நீ செத்துப்போட்டு வாறாய். அதுக்கு என்ன முறை எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. தலையைக் குனி."

"கார்பெட் பழுதாப்போம் அம்மா. கட்டடம் பாக்கிற சுப்பறின்டன் வந்து கத்துவான்."

"கத்தட்டும். குனியடா."

அவன் பொல்லை என்னிடம் தந்துவிட்டுச் சுவரைப் பிடித்துக் குனிந்தான். அவள் செம்பு செம்பாக அள்ளித் தலையில் ஊற்றினாள். மஞ்சள் தண்ணீர் அவன் கழுத்தால் வழிந்து கம்பளத்தில் பரவி என் வாசல்வரை வந்தது. அவள் தோளில் கிடந்த துவாயை எடுத்து அவன் தலையைத் துடைக்கத் தொடங்கினாள்.

"நிலம் குளிர்ந்ததோ?"

"ஓம் அம்மா. சரியான குளிர்."

"கனபேர் கிடந்தனீங்களோ?"

"ஓம்."

துவாய் அவன் முகத்தில் நின்றது.

"எல்லாரும் பிறகு எழும்பினவையோ?"

"ஓம் அம்மா," என்றான் கிருபன். "எல்லாரும் எழும்பினாங்கள்."

அதற்குப் பிறகுதான் அவள் வாசலை விட்டு விலகினாள்.