மெட்டு ரோட்டில் காதுகுத்து

போன மாதம் என் அத்தை இறந்துபோனாள். அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணம் சரிவராமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள், பிறகு ஆயுசு முழுக்கச் சங்கம் சங்கம் என்றே அலைந்தாள். கம்பத்திலிருந்து விடியக் கருக்கலில் ஜீப் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களின் சங்கம். பந்தலில் ஆளாளுக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். மலையேறும் மெட்டு ரோட்டில் அவள் நடத்திய மறியலைச் சொல்லாதவர் ஒருவரும் இல்லை. அந்த மறியலில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. என் காதுகுத்தே அங்கேதான் நடந்தது.

நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. என் தாய்மாமா ஜீப் வைத்திருந்தார். ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று அவரைக் கேட்டால், ஏற முடிந்தவரை என்பார். மடியில் ஒருத்தி, காலடியில் ஒருத்தி, பின்பலகையில் தொங்கிக்கொண்டு நாலு பேர். அம்மாவும் அந்த ஜீப்பில்தான் வேலைக்குப் போனாள். தம்பி வண்டி என்பதால் அம்மாவுக்குத் தனிச் சலுகை ஒன்றும் கிடையாது. வெளியாட்களுக்கு உட்கார இடம் விட்டுவிட்டு அவள் எப்போதும் பின்பலகையில்தான் நின்றாள்.

அந்தச் சமயத்தில் வேறொருவருடைய ஜீப் மெட்டு வளைவில் கவிழ்ந்து, பலகையில் நின்ற பெண் ஒருத்தி செத்துப்போனாள். இனி ஆள் அளவோடுதான் ஏற்ற வேண்டும், பலகையில் யாரையும் நிற்கவிடக் கூடாது என்று அத்தை ஜீப்காரர்களிடம் நடையாய் நடந்தாள். அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாமாதான் அவர்களில் மூத்தவர். அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம்தான் மற்றவர்களும்.

காதுகுத்து அன்று, ஒரே ஒரு நடை அடித்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் கோயிலுக்கு வந்துவிடுவதாக மாமா சொல்லியிருந்தார். காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம், வண்டியை நிறுத்த அவருக்கு மனசில்லை. நான் பட்டுப்பாவாடையும் தலை கொள்ளாத பூவுமாகக் குலசாமி கோயிலில் உட்கார்ந்திருந்தேன். ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். ஒரு பக்கம் கிடாக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. மடி தர வேண்டிய மாமாவைத்தான் காணோம். தோடும் அவர் சட்டைப்பையில் இருந்தது.

சைக்கிளில் ஒருவர் வந்து அப்பாவிடம் சேதி சொன்னார். "ஒங்க அக்கா மெட்டு ரோட்ட மறிச்சு உக்காந்துருக்காக. மொத வண்டியே ஒங்க மச்சினன் வண்டிதான்."

அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில் நானே பயந்துபோனேன். "எம்பிள்ள விசேசத்தன்னைக்குத்தானா ஒங்கக்காவுக்கு நாளு கெடச்சது?"

அப்பா எழுந்து ரோட்டுக்கு ஓடினார். ஒரு ஆட்டோவைப் பிடித்து அம்மாவையும் என்னையும் ஆசாரியையும் ஏற்றினார்.

மலையடிவாரத்தில் ரோட்டை அடைத்து ஜமுக்காளம் விரித்து அத்தையும் சங்கத்துப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையாக ஜீப்புகள். அப்பா இரண்டு பக்கமும் கெஞ்சினார்.

"நான் வண்டிய விட்டு எறங்குனா தோத்து ஓடிட்டான்னு சொல்லுவாய்ங்க மச்சான்," என்றார் மாமா.

"அவர யாரும் புடிச்சு வைக்கலப்பா. வண்டிதான் போகாது. ஆளு தாராளமாப் போகட்டும்," என்றாள் அத்தை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் அழ ஆரம்பித்தேன். அத்தை என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மாமாவிடம் சொன்னாள். "நல்ல நேரம் தப்பிரும் கொழுந்தனாரே. ஒங்க வண்டிய விட்டு நீங்க போக வேணாம். இங்கனயே குத்திருவோம்."

மாமாவுக்கு அது கௌரவமாகத்தான் பட்டது. முதலில் டிரைவர் சீட்டிலேயே என்னை மடியில் வைத்துப் பார்த்தார். ஸ்டியரிங் இடித்தது, கிழக்குப் பார்க்கவும் வழியில்லை. ஆசாரி ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் தார் ரோட்டில் உட்கார்ந்து சடங்கு செய்ய முடியாது. அங்கே விரித்திருந்தது மறியல் ஜமுக்காளம் ஒன்றுதான். அத்தை நகர்ந்து இடம்விட்டாள். மாமா என்னைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பின்னால் நின்ற ஜீப்காரர்களுக்கு ஆசாரியும் தெரியவில்லை, ஊசியும் தெரியவில்லை. மாமா கீழே இறங்கிச் சங்கத்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்ததுதான் தெரிந்தது. "அண்ணனே உக்காந்துட்டாரு" என்று ஒருவர் சொல்ல, ஒவ்வொரு வண்டியாக இன்ஜின் அடங்கியது. டிரைவர்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஜீப்பில் பிதுங்கிக்கொண்டிருந்த பெண்களும் இறங்கி வந்தார்கள். ஒரு காது குத்தி முடித்து அடுத்த காதுக்கு ஆசாரி திரும்புவதற்குள் ரோடு நிறைந்துவிட்டது. நான் போட்ட கூப்பாட்டுக்கு அத்தனை பேரும் உச்சுக்கொட்டினார்கள்.

போலீஸ் வந்து, உட்கார்ந்திருந்த எல்லோரையும் வேனில் ஏற்றியது. மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "சார், நான் காதுகுத்துக்கு உக்காந்தவன் சார்." அவர்கள் அதுவரைக்கும் எத்தனையோ சாக்குகளைக் கேட்டிருப்பார்கள், இது புதிது. சிரித்துக்கொண்டே ஏற்றிவிட்டார்கள். என்னைப் பிடித்து வைத்துக் காதில் ஊசி குத்தவிட்ட குற்றத்துக்காகத்தான் மாமாவைப் பிடித்துப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன். அரசாங்கத்தின் மேல் எனக்கு அன்று வந்த மரியாதை பிறகு எப்போதும் வரவில்லை.

சாயங்காலம்வரை அவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். கிடாக்கறியை அண்டாவோடு அப்பா அங்கே கொண்டுபோனார். என் விருந்தை மறியல்காரர்கள்தான் சாப்பிட்டார்கள், காவலுக்கு நின்ற போலீசும் சாப்பிட்டது. வெளியே வந்தபோது மாமாவுக்கும் மாலை போட்டார்கள். மாலையைப் போட்டுக்கொண்ட பிறகு பலகையில் ஆள் ஏற்ற அவருக்கு முகமில்லை. அவர் ஏற்றாததால் மற்றவர்களும் ஏற்றவில்லை. மிச்ச ஆட்களுக்காக இன்னொரு நடை அடித்துக்கொண்டார்கள்.

மாமாவின் கோபம் அடுத்த பொங்கலுக்குள் ஆறிவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை. பூவும் பாவாடையும் பார்க்க யாருமில்லாமல் போய், என் நாளை அத்தை பிடுங்கிக்கொண்டாள் என்ற குறை பெரியவளான பிறகும் ஒரு மூலையில் இருந்தது. அடக்கம் முடிந்து வந்த அன்று, பேச்சுவாக்கில் அம்மாவிடம் அதைச் சொன்னேன். வருஷத்தில் வேறு நாளே கிடைக்கவில்லையா அவளுக்கு என்று கேட்டேன்.

அழுது ஓய்ந்திருந்த அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள். "முந்துன நா பொழுதுசாய ஒங்கத்தை வந்தாக. 'நாளைக்கு நீ வண்டி ஏற மாட்டேல்ல தாயி'ன்னு கேட்டாக. விசேசத்த வச்சுக்கிட்டு எங்கிட்டுப் போகப்போறேன்னேன். நெசமாத்தானான்னு இன்னொரு வாட்டி கேட்டாக. சரின்னு போயிட்டாக."

வேறு எந்த நாளாக இருந்தாலும் அம்மா அந்த ஜீப்பில் இருந்திருப்பாள். இறங்கி வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தால் கூடப்பிறந்தவன் முகத்தில் விழிக்க முடியாது. இறங்காமல் நின்றால் நாத்தனார் முகத்தில் விழிக்க முடியாது. அந்தச் சங்கடத்தை அவளுக்கு வைக்காமல் மறியலை நடத்த வேண்டும் என்றால், அந்தக் காய் எடுப்புக் காலம் முழுக்க அத்தைக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.