காப்பியைக் கூடப் பாடிக் கேட்கிற படம்

அந்தப் படத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒற்றுமை கிடையாது. என் மனைவி நான்கு முறை பார்த்து நான்கு முறையும் அழுதுவிட்டு, ஐந்தாவதற்குத் துணை தேடிக்கொண்டிருந்தாள். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா இடைவேளையிலேயே எழுந்து வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார். "மூவாயிரம் அடி கீழ எறங்குனோம். லிப்டு கேஜுல ஒருத்தனாவது பாடிகினு எறங்குனானா? இவன் பஸ்ஸுல ஏறும்போதே பாடறான்." அவருடைய விமர்சனம் அவ்வளவுதான். மகள் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் எதிர்க்கட்சி, அதுவும் கூச்சல் போடுகிற எதிர்க்கட்சி.

கதாநாயகன் பஸ் கண்டக்டர். படத்தில் யாரும் பேசுவதே இல்லை, எல்லாம் பாட்டு. சில்லறை இல்லை என்பது பாட்டு. போலீஸ் வந்து கைது செய்வது பாட்டு. ஓட்டலில் உட்கார்ந்து ஒரு காப்பி கேட்க இரண்டு சரணம் எடுத்துக்கொள்கிறான், 'சர்க்கரை கம்மி' என்பதற்குக் குரல் உச்சத்துக்குப் போகிறது. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா, அவள் மூக்கில் குழாய். மகன் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு, 'இது உன் ஸ்டாப் இல்லம்மா, எறங்காதே' என்று பாடுகிறான். தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப் போயிருந்தது.

வீட்டில் சிரிக்க முடியாததை ரயிலில் சிரித்துத் தீர்த்தேன். தினமும் காலையில் ஊரிகம் ஸ்டேஷனில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன் நான். எங்கள் பெட்டியில் தூங்குகிறவர்கள் உண்டு, சீட்டாடுகிறவர்கள் உண்டு, மார்பில் தலை கவிழ்த்து சாமி பெயரை முணுமுணுக்கிறவர்கள் உண்டு. கோமாளி வேலை என்னுடையது, யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். பக்கத்து ஆளின் மப்ளரை உருவி மூக்கில் குழாயாகச் செருகிக்கொண்டு படுத்துவிடுவேன். மாலூரில் யாராவது இறங்க எழுந்தால் அவர் கையைப் பிடித்து, 'இது உன் ஸ்டாப் இல்ல, எறங்காதே' என்று இழுத்து இழுத்துப் பாடுவேன். மாலூர்க்காரர் ஒருவர் ஒரு நாள் நிஜமாகவே இறங்க முடியாமல் அடுத்த ஸ்டேஷன் வரை வந்துவிட்டார். பெட்டி கைதட்டியது. இரண்டு மாதம் இப்படி ஓடியது.

அந்த நேரத்தில்தான் மகளுக்கு ஒரு வரன் வந்தது. அவள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதுவரை வந்த வரன்களை எல்லாம் "வேணாம்ப்பா" என்ற ஒரே வார்த்தையில் அனுப்பியவள். இந்தப் பையன் ஃபேக்டரியில் இன்ஜினியர், குவார்ட்டர்ஸ் வீடு. ஃபோட்டோவைப் பார்த்தாள், போனில் இரண்டு முறை பேசினாள். பிறகு சமையலறை வாசலில் நின்று, "இவர்னா ஓகேப்பா" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த முகத்தை அவள் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்கு அப்புறம் நான் பார்க்கவில்லை. இந்த இடம் மட்டும் எப்படியாவது அமைந்துவிட வேண்டும் என்று எனக்கு நெஞ்சை அடைத்தது. நெஞ்சை அடைத்தால் எனக்கு மூளையும் அடைத்துவிடும்.

பெண் பார்க்க வந்தது மூன்று பேர். பையன், அவனுடைய அம்மா, அம்மாவின் அண்ணன். பையனுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் நல்ல வழுக்கை, அதிகம் பேசாத ஆள். பஜ்ஜி வந்தது, காப்பி வந்தது. என்ன பேசுவது என்று தெரியாத அந்த இடைவெளியில் பையனின் அம்மா கேட்டார்: "அந்தப் படம் பாத்தீங்களா? நான் ஏழு தடவை பாத்துட்டேன்."

"நான் நாலு!" என்று என் மனைவி தட்டோடு துள்ளினாள். அப்பா தொண்டையைச் செருமினார். அவர் வாயில் ஒரு பஜ்ஜியை நானே வைத்து அடைத்தேன்.

அந்த அம்மா தொடர்ந்தார். "எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில பத்து நாள் இருந்தார். 'மாத்திரை போட்டீங்களா, தண்ணி வேணுமா'ன்னு கேட்டதைத் தவிர நான் ஒரு வார்த்தை பேசலை. வரலை. அந்தப் பையன் கட்டில் பக்கத்துல நின்னு பாடறானே, அதைப் பாக்கும்போது, சரி, யாரோ ஒருத்தர் சொல்லிட்டாங்கன்னு இருக்கும். அதுக்காகவே போறேன்." பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிங்கண்ணா?"

"கண்ல தண்ணி வந்துடுச்சும்மா" என்றேன். தண்ணீர் வந்தது உண்மைதான், எதனால் வந்தது என்று அவர் கேட்கவில்லை. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கிள்ளுவதற்கான எல்லா ஏற்பாடும் இருந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்தார்கள். வெளியே காற்று குளிர்ந்திருந்தது. தாய்மாமன் பையிலிருந்து காவி நிற மங்கி குல்லாவை எடுத்தார். தலையில் மாட்டி, காதை மூடி, தாடைக்குக் கீழே இழுத்துவிட்டார். மூக்கும் இரண்டு கண்ணும் மட்டும் மிச்சம். அப்போதுதான் ஆளை எனக்கு அடையாளம் தெரிந்தது.

எங்களுக்கு முந்தின ஸ்டேஷனான கோரமண்டலில் ஏறி எனக்கு எதிர் ஜன்னலில் உட்காருகிறவர். இரண்டு மாதமாக ஒரு வார்த்தை பேசாதவர். ரயில்வேயின் ரகசிய டிக்கெட் பரிசோதகர் என்று நாங்களே முடிவு கட்டி வைத்திருந்த அதே மங்கி குல்லா! நான் மப்ளரைச் செருகிக்கொண்டு செத்துச் செத்துப் பிழைத்ததை எல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர். குல்லாவுக்குள்ளிருந்து என்னை ஒரு நொடி பார்த்தார். "வரேன் சார்" என்றார்.

தங்கையிடம் சொல்லிவிட்டாரா என்று மறுநாள் காலையிலிருந்து நான் துப்பறியத் தொடங்கினேன். ரயிலில் வழக்கம்போல "இன்னா கண்டக்டரே, இன்னிக்கி பாட்டு இல்லியா?" என்று கூப்பிட்டார்கள். "நல்ல படத்தக் கிண்டல் பண்றது தப்புப்பா" என்றேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது. ஒருவர் என் நெற்றியில் கையை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். மங்கி குல்லா போனை எடுத்து என்னவோ தட்டினார். தங்கச்சிக்குத்தான், வேறு யாருக்கு? மறுநாள் எனக்குக் கடலைப் பொட்டலத்தை நீட்டினார். எடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி, எடுக்காவிட்டால் திமிர் பிடித்த சம்பந்தி. எண்ணி நான்கு கடலை எடுத்தேன். மூன்று என்றால் கஞ்சன் என்று நினைப்பாரோ என்று நான்கு.

மூன்றாம் நாள் அவரே வாயைத் திறந்தார். "இன்னா சார், பாடறதே இல்ல? அந்த மாலூர் எடம் நல்லாருக்குமே."

பொறி! வாயைப் பிடுங்கி, போனில் பதிவு செய்து, தங்கச்சிக்குப் போட்டுக் காட்டப் போகிறார். நான் அவர் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டே, போனுக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னேன்: "அந்தப் படம் ஒரு காவியம் சார். ஆஸ்பத்திரி சீன்ல எனக்கு இன்னிக்கும் ஒடம்பு நடுங்குது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்காம் நாள் வேறு பெட்டியில் ஏறிவிட்டார்.

அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை.  போன் அடித்தால் மகள் புத்தகத்திலிருந்து நிமிர்வாள், நான் 'ஆபீஸ்' என்றதும் குனிந்துகொள்வாள். அதைப் பார்க்காமலிருக்க நான் போனை வைப்ரேஷனில் போட்டேன். அது சட்டைப் பையில் நடுங்கும்போதெல்லாம் நானும் கூடவே நடுங்கினேன்.

சனிக்கிழமை என் மனைவிக்கு ஒரு செய்தி வந்தது: 'ஒரு சின்ன சந்தேகம். நாளைக்கு நேர்ல வர்றோம்.'

"இன்னா பண்ணித் தொலைச்சே?" என்றாள் மனைவி. எதுவும் விசாரிக்காமல் நேராக என்னிடம் வந்ததுதான் இருபத்தெட்டு வருஷ தாம்பத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தங்கையும் மட்டும் வந்தார்கள். காப்பியைத் தொடவில்லை. அந்த அம்மா நேராக ஆரம்பித்தார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. எங்கண்ணன் உங்களை ரயில்ல தினமும் பாக்கறவர். ரெண்டு மாசமா அவ்வளவு கலகலப்பா இருந்த மனுஷன், நாங்க வந்துட்டுப் போன மறுநாள்லேர்ந்து ஆளே மாறிட்டார், இவர் முகத்தைப் பாக்கவே பயப்படறார்னு சொல்றார். வீட்ல எதையாவது மறைக்கிறீங்களா? பொண்ணுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா? இல்ல அவளுக்கு வேற யாராவது..."

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் மகளின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

இத்தனை நாள் நான் என்னைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். நான் பயந்த பயம் அவள் மேல் போய் விழும் என்று ஒரு நொடி கூடத் தோன்றவில்லை. இதுவரை எந்தத் துப்பறிவாளனும் தன் பெண்ணையே குற்றவாளியாக்கிக் கொடுத்ததில்லை.

"பொண்ணு மேல ஒண்ணியும் இல்லம்மா" என்றேன். "நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு அந்தப் படம் புடிக்கல. ரயில்ல அதக் கிண்டல் பண்ணிகினு இருந்தேன். உங்க அண்ணன் அதைச் சொல்லியிருப்பாருன்னு..."

"நான் சொல்லவே இல்லியே சார்" என்றார் மங்கி குல்லா. அன்றைக்குக் குல்லா இல்லை, வழுக்கை மட்டும். "அவ மனசு கஷ்டப்படுமேன்னு அதை மட்டும் விட்டுட்டேன். என்னை அந்தப் படத்துக்கு ஏழு தடவையும் இழுத்துட்டுப் போனது இவதான். உங்க கூத்துதான் எனக்கு ஒரே ஆறுதலா இருந்துது. அதையும் நிறுத்திட்டீங்களேன்னுதான் அன்னிக்குக் கேட்டேன்."

அதாவது என்னைக் காப்பாற்றி வைத்திருந்த ஒரே ஆள் அவர். அவரை மீறி நானே போய் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த அம்மா நம்பவில்லை. "ஒரு சினிமாவுக்காகவா ஒரு மனுஷன் இப்படி நடுங்குவான்? வேற என்னமோ இருக்கு."

"இவன் நடுங்குவாம்மா" என்றார் என் அப்பா. "ஸ்கூல்ல பரீட்சைன்னா வீட்டுப் பின்னாடி போயி ஒளிஞ்சிகினு, அங்க உக்காந்து வாத்தியாரு மாதிரியே பேசிக் காட்டுவான்."

"அப்போ செஞ்சு காட்டுங்க" என்றார் அந்த அம்மா.

அண்ணன் குறுக்கே வந்தார். "காப்பி கேக்கறதை மட்டும் பண்ணுங்க சார். அது போதும்."

மேஜையில் ஆறிக்கொண்டிருந்த காப்பியைப் பார்த்துக் கையை நீட்டி, முதல் சரணத்தை ஆரம்பித்தேன். குரல் எங்கேயோ போனது. அப்பா மட்டும் சிரித்தார். அந்த அம்மா முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "ஆஸ்பத்திரிப் பாட்டையும் பண்ணுவீங்களா?" என்றார்.

"பண்ணுவேம்மா."

"பண்ணுங்க."

மனைவி, "வேணாங்க" என்றாள். இந்த இடத்தில் இன்னொரு பொய் சொன்னால் என் மகள் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிடுவாள். தோளில் கிடந்த துண்டின் முனையை மூக்கில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். வாயைத் திறந்தேன். பாட்டு வரவில்லை. ரயிலில் அத்தனை பேர் முன்னால் வந்தது, ஒரே ஒருத்தர் முன்னால் வரவில்லை. துண்டும் கையுமாக அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"இது உன் ஸ்டாப் இல்லம்மா, எறங்காதே" என்றார் அந்த அம்மா. பாடவில்லை, பேசுகிற மாதிரி சொன்னார். "அங்கே குழாய் வலது மூக்குல இருக்கும். நீங்க இடதுல வெச்சிருக்கீங்க."

"இல்லம்மா, படத்துல இடதுதான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "வலது பக்கம் அவன் நிக்கறான்ல."

அவர் தன் மூக்கில் விரலை வைத்துச் சரிபார்த்தார். "ஆமா, இடதுதான். எத்தனை தடவை பாத்தீங்க?"

"மூணு."

"புடிக்காத படத்தை மூணு தடவையா?"

"ஒரு தடவைதான் என் கூட வந்தாரு" என்றாள் என் மனைவி. அவள் குரல் மாறியிருந்தது. "மீதி ரெண்டு தடவ யாரோட போனே?"

"தனியாத்தான்டி. நடிக்கறதுக்குச் சரியா பாக்க வேணாமா?"

யாரும் நம்பவில்லை. மங்கி குல்லா கூட நம்பவில்லை, கன்னத்தைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னை விட்டுவிட்டார். உள்ளறைப் பக்கம் திரும்பி, "நீ வாம்மா" என்றார். மகள் வந்து நின்றாள். "உங்கப்பா சொல்றதை இனிமே நான் கேக்கப் போறதில்ல. நீ சொல்லு. உனக்கு அந்தப் படம் எப்படி?"

எல்லோரும் அவளைப் பார்த்தோம். 'நல்லா இருந்துச்சுன்னு சொல்லிடும்மா' என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பாதி புடிச்சிது அத்தை. மீதிப் பாதி தூங்கிட்டேன்."

அத்தை! அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து அதுவரை வந்ததில்லை.

"எந்தப் பாதி தூங்கினே?"

"இன்டர்வெல்லுக்கு அப்புறம்."

"நல்ல பாட்டெல்லாம் அதுக்கப்புறம்தான்" என்றார் அந்த அம்மா. ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார். "சரி, போகட்டும். கல்யாணம் முடியட்டும், நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன். தூங்கினா எழுப்புவேன்."

இதில் என்ன சூழ்ச்சி என்று நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் பஜ்ஜி இருக்கிறதா என்று சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை மிச்சக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்கும் ஒரு முறைப்பு போட்டாள். துண்டின் முனை இன்னும் என் மூக்கில்தான் இருந்தது.

"டேய்" என்றார் அப்பா. "பொண்ணக் கேட்டு முடிச்சிட்டாங்கடா. இன்னும் இன்னாத்த முழிக்கிறே?"