முதல் மிதியிலேயே முறிந்த பெடல்

நான் பொருத்திக் கொடுத்த பேஸ் டிரம் பெடல், நிறைந்திருந்த ஒரு கல்யாண மண்டபத்தில், முதல் மிதியிலேயே முறிந்தது. டிரம்முக்கு முன்னால் வைத்திருந்த மைக் அந்த ஓசையை வாங்கி, சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இசைக்கருவிப் பழுதுபார்ப்பில் இறங்கும் இளைஞர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் மட்டுமே அந்த மாலையைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு அது இனிய நினைவன்று.

கருவி வந்த விதம்

தொண்ணூறுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில் நான் கடை திறந்து ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை. பௌதிகத்தில் பட்டம் பெற்றவன் டிரம்முக்குத் தோல் மாட்டிக்கொண்டிருக்கிறானே என்று உறவினர் சிலர் வருந்தினர். நான் வருந்தவில்லை. செய்வதைப் பிழையறச் செய்தால் எத்தொழிலும் கௌரவமானதே என்பது என் கொள்கை. அக்காலத்தில் எங்கள் தொழிலுக்கு விளம்பரம் கிடையாது. ஒரு மேடையில் கருவி நன்றாக ஒலித்தால் பத்துக் குழுவினர் தேடி வருவார்கள். ஒரு மேடையில் கவிழ்ந்தால் கடையை மூடிவிடலாம்.

ஒருநாள் ஏகாம்பரம் வந்தார். மெல்லிசைக் குழு நடத்துபவர். வேனிலிருந்து ஒரு சிறிய காம்பாக்ட் டிரம் செட்டை இறக்கி வைத்தார். சிங்கப்பூரிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்ததாம்.

"சார், பழைய செட்டு ஏத்துனா வேன்ல பாடகர் உக்கார எடம் இல்ல. இது குட்டியா, அழகா கீது. ஆனா பெடல் மட்டும் ஒக்காரவே மாட்டேங்குது சார். ஒரே பேஜார். ஞாயித்துக்கிழம சேலையூர்ல ரிசப்ஷன். நீங்கதான் பார்த்துக் குடுக்கணும்."

சிக்கலும் தீர்வும்

வழக்கமான பேஸ் டிரம் இருபத்திரண்டு அங்குல விட்டம். இதுவோ பதினாறு. பெடலின் பீட்டர், அதாவது டிரம்மை அடிக்கும் அந்த உருண்டைத் தலை, பெரிய டிரம்மின் நடுப்பகுதியைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது. சிறிய டிரம்மில் அது மேல் விளிம்புக்கு அருகே போய் அடிக்கும். தகர டப்பாவின் ஓசைதான் வரும். பீட்டரைத் தாழ்த்தினால் வீச்சு குறைந்து அடியில் பலம் இராது. ஆகவே தாழ்த்த வேண்டியது பீட்டரை அன்று. உயர்த்த வேண்டியது டிரம்மை.

டிரம்மை உயர்த்தியதும் அடுத்த சிக்கல். பெடலை டிரம்மோடு கவ்விப் பிடிக்கும் கிளாம்ப், டிரம்மின் வளையத்தை எட்டவில்லை. எட்ட வைத்தாலும் அந்த மெல்லிய வளையம் கிளாம்பின் பிடியில் நிற்கவில்லை. எனவே இரும்புப் பட்டையை வளைத்து ஒரு பிராக்கெட் செய்து, டிரம்மின் அடியில் போல்ட் போட்டு இறுக்கி, கிளாம்ப் கடிப்பதற்கு அதில் தடித்த உதடு ஒன்றை வைத்தேன். ஸ்பிரிங்கை முறுக்கிச் சரிபார்த்தேன். டிரம்மர் ஜெகன், மறைமலை நகர் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வந்து, காலை வைத்து வாசித்துப் பார்த்தார்.

"சும்மா நெஞ்சுல வந்து இடிக்குது சார்!" என்றார் ஏகாம்பரம்.

நான் பொருத்திய கருவி முதன்முதலாக மேடையேறும்போது நேரில் சென்று பார்ப்பது என் வழக்கம். அந்த ஞாயிறன்றும் கருவிப் பையுடன் சென்று முன்வரிசையில் அமர்ந்தேன்.

மேடையில்

மணமக்கள் மேடைக்கு வரும் நேரம். ஏகாம்பரம் கையை உயர்த்தினார். ஜெகன் குச்சிகளைத் தட்டி, காலை ஓங்கி மிதித்தார்.

"மளுக்!"

பெடலின் மிதிபலகை குதிகால் பக்கம் பெயர்ந்து மேலே எழும்பியது. பீட்டர் ஒருபுறமாகச் சாய்ந்து தொங்கியது. ஜெகன் பேன்ட்டில் ஏதோ ஈரம் தெறித்திருந்தது.

கீபோர்டு வாசிப்பவர் யாரையும் பாராமல், ஆனால் எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன், மவுண்ட் ரோடு கடைக்குப் போலாம்னு. தாம்பரத்துல குடுத்துகினு வந்தா இப்டித்தான்."

என் செவிகள் கொதித்தன. அதற்குள் பெண்ணின் தந்தை வந்துவிட்டார். செம்பாக்கத்தில் நிலபுலன் உள்ள பெரிய மனிதர். என்னை அவருக்கு ஏற்கெனவே அறிமுகப்படுத்தியிருந்தார்கள்.

"இன்னா சார் இது? பொண்ணும் மாப்ளையும் மேடை ஏறச்சொல்ல ஒடையுது! எங்க சம்பந்தி வூட்ல கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? ஒழுங்கா பண்ணத் தெரியலைன்னா ஏன் சார் கை வெக்கிறீங்க?"

பழுதுபார்ப்பவனின் பெயர் போனது போதாதென்று, ஒரு பெண்ணின் திருமணத்துக்கு அபசகுனம் செய்தவன் என்ற பெயரும் வந்து சேரவிருந்தது. மேடையேறிக் குனிந்து பார்த்தேன்.

பிராக்கெட் அசையவில்லை. கிளாம்ப் அசையவில்லை. போல்ட் ஒன்றுகூடத் தளரவில்லை. முறிந்திருந்தது குதிகால் பக்கத்து வார்ப்புக் கீல். அதனருகே, மிதிபலகையின் அடியில், குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று பாதி நசுங்கிக் கிடந்தது. இன்னும் பழுக்காத, கல்போன்ற பச்சைக் காய்.

நான் அதிர்ந்து போனேன். "யார் வெச்சது இதை?"

"நான்தான் சார்," என்றார் ஏகாம்பரம், சற்றும் தயங்காமல். "புது செட்டு, கன்னி மேடை. பழம் வெக்காம எப்டி சார்? வண்டி வாங்குனா டயருக்கு அடில வெக்கிறோம்ல? இந்த செட்டுல கால் படுறது பெடல் ஒண்ணுதான். நல்லா நசுக்கிட்டு ஆரம்பிடான்னு ஜெகன்கிட்ட சொன்னேன்."

"டயர் உருளும் ஐயா! இது கீல்! கீலுக்குப் பக்கத்துல கெட்டியா ஒண்ணை வெச்சு அந்தப் பக்கம் மிதிச்சா, கடப்பாரை போட்டு நெம்புற மாதிரி. எந்தக் கீல் தாங்கும்?"

"ஐய, அப்டி ஒண்ணு கீதா சார்?" என்றார் அவர், உண்மையான வியப்புடன்.

ஒரு நிபந்தனை விதித்தேன். முறிந்ததற்குக் காரணம் பழம், பொருத்தியதில் குறையில்லை என்று அவர் மைக்கில் சொல்ல வேண்டும். பிறகுதான் கருவிப் பையைத் திறப்பேன். ஏகாம்பரம் உடனே ஒப்புக்கொண்டு மைக்கை எடுத்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! யாரும் பயப்படாதீங்க. இப்ப ஒடஞ்சது பெடல் இல்ல, திருஷ்டி! மணமக்கள் மேல விழ வேண்டிய கண்ணு அத்தனையும் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிகிச்சு! இந்த பெடலை பிட்டிங் பண்ணது இதோ நிக்கிற தாம்பரம் சார். அவரு பிட்டிங் மட்டும் இவ்ளோ ஸ்ட்ராங்கா இல்லன்னா, அந்த வேகத்துக்கு டிரம்மே பறந்திருக்கும்!"

மண்டபம் கைதட்டியது. என் வாழ்நாளில் அதைப்போன்ற அதிர்ச்சி எனக்கு ஏற்பட்டதில்லை. பெடல் முறிந்தபோதுகூட அவ்வளவு இல்லை. நான் கேட்டது ஒரு சாதாரண உண்மை. கிடைத்ததோ ஒரு பாராட்டு. அதில் ஒரு சொல்கூடப் பௌதிகத்துக்கு உடன்பட்டதன்று. மறுத்துப் பேச வாய் திறந்தேன். பெண்ணின் தந்தை அதற்குள் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"சார், கோவத்துல ஏதோ பேசிட்டேன். நீங்க சாப்ட்டுதான் போவணும்."

அவர் முகத்தில் இருந்த நிம்மதியைக் கண்டபின் என்னால் மறுத்துரைக்க இயலவில்லை. மண்டபத்து மளிகை அறையின் அலமாரிக் கதவிலிருந்து ஒரு கீலைக் கழற்றி வரச்செய்து, பெடலின் சட்டத்தையும் மிதிபலகையையும் அந்தக் கீலால் ஒரு மரப்பலகையின் மேல் இணைத்துக் கொடுத்தேன். கச்சேரி நடந்தது. பேஸ் டிரம் கடைசிப் பாட்டு வரை பிசகவில்லை.

அதன் பிறகு

அடுத்த வாரம் முதல் குழுவினர் தேடி வரத் தொடங்கினர். காம்பாக்ட் செட்டுக்குப் பெடல் பொருத்துவதில் இவருக்கு நிகரில்லை என்று பேச்சு. மகிழ்ந்திருக்கலாம், ஆனால் முதலில் வந்தவர் கேட்டது இது: "சார், ஏகாம்பரத்துக்குப் பண்ணீங்களே, திருஷ்டி வாங்குற பெடல், அதேதான் எங்களுக்கும் வேணும்."

கீலைப் பற்றியும் நெம்புகோலைப் பற்றியும் படம் வரைந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், பழம் ஒண்ணு போதுமா, ரெண்டு வெக்கணுமா?" என்றார்.

அன்று ஒன்று புரிந்தது. வாசிப்பவர் பழம் வைக்கத்தான் போகிறார். வைப்பதற்கு நான் இடம் கொடுக்காவிட்டால், தாமாக ஓர் இடத்தைத் தேடிக்கொள்வார். அது பெரும்பாலும் கீலின் அருகேதான் இருக்கும். அதன் பிறகு நான் செய்த ஒவ்வொரு பிராக்கெட்டிலும், பெடலுக்கு எட்டாத முன்பக்கத்தில், ஒரு பழம் அமரும் அளவுக்குச் சிறிய இரும்பு வளையம் ஒன்றைப் பற்றவைத்தேன். என் கையால் பொருத்திய பெடல் எதுவும் அதன் பின் மேடையில் முறிந்ததில்லை.

இத்தொழிலுக்கு வருவோரே, அளவெடுங்கள், டிரம்மை உயர்த்துங்கள், கிளாம்பை இறுக்குங்கள். ஒப்படைக்கும் முன் வாடிக்கையாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "பழம் எங்கே வைப்பீர்கள்?" சிரிக்காமல் கேளுங்கள்.