துணி பார்த்துச் சோறு

அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டிவனத்தில் எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது, என் சாப்பாட்டைத் தீர்மானித்தது என் வயிறு அல்ல, பிள்ளையின் வயிறு. ஒத்தாசைக்கு விழுப்புரத்திலிருந்து வந்திருந்த நாத்தனார், காலையில் பிள்ளை ஆய் போன துணியைப் பிரித்து வெளிச்சத்தில் பார்ப்பார். மஞ்சளாக இருந்தால் எனக்குக் குழம்பு உண்டு. பச்சையாக இருந்தால் கீரை கிடையாது. திரிதிரியாக இருந்தால் பூண்டு ரசமும் சுட்ட அப்பளமும்தான். பால் கொடுக்கிறவள் தின்றதுதான் பிள்ளைக்கு இறங்கும் என்பது அவர் கட்சி. நல்ல மனுஷிதான், ஆனால் எனக்குப் பசிக்கும்.

அதிலும் பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆனபோது மல்லாட்டைக் காலம் வந்தது. தெருவெங்கும் அவித்த வேர்க்கடலை வாசனை. பிள்ளைக்குச் செரிக்காமல் மாந்தம் வரும் என்று அதற்கு மட்டும் முழுத் தடை. நான் வாசனையோடு நிறுத்திக்கொண்டேன்.

பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்த சமயம், ஒரு நாள் துணி கரும்பழுப்பாக இருந்தது. நாத்தனார் என்னைப் பார்த்தார்.

"யாருக்கும் தெரியாம மல்லாட்டை தின்னுக்கினு இருக்கியா?"

"சத்தியமா இல்லீங்க அண்ணி."

வீட்டுக்காரரும் என் வாயையே பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தின்றுவிட்டுத் திட்டு வாங்கியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

மூவரும் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பார்க்கட்டும் என்று துணியைத் தூக்குச்சட்டியில் போட்டு மூடி, வீட்டுக்காரர் எடுத்து வந்தார். வழியில் தெரிந்தவர் ஒருவர், "யாருக்குங்க சாப்பாடு எடுத்துக்கினு போறீங்க?" என்று விசாரித்தார். அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

டாக்டரம்மா சட்டிக்குள் பார்த்துவிட்டு, "புதுசா ஏதாவது குடுத்தீங்களா?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றார் நாத்தனார். "கேப்பையை ஊறவெச்சி, அரைச்சி, பாலெடுத்துக் காய்ச்சி, நான்தான் ஒரு வாரமா ஊட்டிக்கினு வர்றேன்."

"அந்தக் கேப்பையோட நிறம்தான் இது. மஞ்சள், பச்சை, பழுப்பு எல்லாம் மாறி மாறி வரும். ரத்தம் கலந்தாலோ, தார் மாதிரி கறுத்தாலோ, சுண்ணாம்பு மாதிரி வெளுத்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க. மத்தபடி, பால் குடுக்கிற இவங்களுக்கு நல்லா சாப்பாடு போடுங்க."

வெளியே வந்ததும் நாத்தனார், வாசலில் அவித்த மல்லாட்டை விற்றவளிடம் ஒரு படி வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். என் இரண்டு கையிலும் பிள்ளை. அவரே உரித்து உரித்து என் வாயில் போட்டபடி நடந்தார்.

"நாளைக்குத் துணி பச்சையா இருந்தா, அண்ணி?" என்றேன்.

"நான் குடுத்ததுதான்னு நானே சொல்லிக்கிறேன். நீ வாயத் தொற."